நடுங்குகிற கையால் பிடித்த கயிறு

புதிதாகக் காக்கி உடுத்தியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் வனக்காவலர் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசச் சொன்னீர்கள். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, "சார், இத்தனை வருஷத்துல உங்களுக்குப் பயமே வந்ததில்லையா?" என்று கேட்டார். யானை, கரடி என்று ஏதாவது சொல்வேன் என எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். அதற்குள் சாப்பாட்டு நேரம் என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

வந்தது. யானையைப் பார்த்து வந்த பயம் யானை போனதும் போய்விட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் சொல்லப்போவது காலையில் பல் துலக்கும்போதே வந்து உட்கார்ந்துகொள்ளும் பயம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஏறும். டிபன் பாக்ஸைத் திறந்தால் அதுவும் எட்டிப் பார்க்கும். ஓய்வுபெற்ற பிறகும் அது என்னை முழுதாக விட்டுவிடவில்லை. அது வந்தால் வரட்டும் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

எதை எழுதினாலும் தேதி போட்டு எழுதுவது என் பழக்கம். மழை, காற்று, எந்த மரம் பூத்தது, எந்த அதிகாரி எப்போது மாறினார் என்று வருஷக்கணக்கில் டைரி வைத்திருக்கிறேன். இங்கே மட்டும் வருடத்தை விட்டுவிடுகிறேன். இதில் வருகிறவர்கள் இன்றும் மம்சாபுரத்திலும் ராஜபாளையத்திலும் நடமாடுகிறார்கள். மாதத்தையும் கிழமையையும் விட மாட்டேன். அவை இல்லாமல் எனக்கு ஒரு வரி ஓடாது.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அய்யனார் கோவில். உங்களில் சிலர் அங்கேதான் பணிக்குப் போகப்போகிறீர்கள். வண்டிகள் நிற்பது இக்கரையில், கோவில் அக்கரையில், நடுவே ஆறு. பெரும்பாலான நாட்களில் கணுக்கால்தான் நனையும். மலை உச்சியில் மழை பெய்தால் கதை வேறு. கீழே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். மேலே என்ன நடக்கிறது என்று கீழே பொங்கல் வைக்கிறவருக்குத் தெரியாது. அது தெரிந்திருக்க வேண்டியவர் காவலர். அவரிடம் இருப்பது ஒரு விசில், இரு கரை மரங்களிலும் கட்டிய ஒரு கயிறு, இரண்டு கண்கள்.

முதல் கதை ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் காதுகுத்து வைத்திருந்தது. ஆற்றங்கரை மணலில் அடுப்புக் கூட்டி, அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. உச்சியில் மேகம் இறங்கி முகடு மறைந்தது. காற்று திடீரென்று சில்லென்று திரும்பியது. நான் விசிலை ஊதினேன். "எல்லாரும் மேல ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினேன். ஓடினார்கள். ஓட்டத்தில் யாரோ இடித்து அண்டா கவிழ்ந்தது. ஆடு முழுசும் மணலோடு கலந்தது.

தண்ணீர் வரவில்லை.

மேகம் கலைந்து முகடு பளிச்சென்று தெரிந்தது. ஆறு பழையபடி கணுக்காலில் சலசலத்துக்கொண்டு போனது. மேலே நின்ற கூட்டம் ஆற்றைப் பார்த்தது, அண்டாவைப் பார்த்தது, கடைசியில் என்னைப் பார்த்தது.

"என்ன சார், ஒங்க வெள்ளம் பஸ்ஸ விட்டுருச்சோ?" என்றார் காது குத்திய பிள்ளையின் தாய்மாமன்.

"அடுத்த பஸ்ல வரும்யா, செத்த நேரம் இருங்க," என்றார் இன்னொருவர்.

பசித்த வயிற்றோடு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. அன்றைக்கே எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: வெள்ளம். அது எனக்கு முன்னாலேயே ராஜபாளையம் போய்ச் சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் டீ குடிக்கும் கடையில் மாஸ்டர், என்னைக் கண்டதும் பையனிடம் சத்தமாகச் சொல்வார். "ஏலே, வெள்ளம் சார் வாராரு. கிளாஸையெல்லாம் மேல எடுத்து வையி!" நல்ல நகைச்சுவைதான். வேறு யாருக்காவது வைத்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வானத்தை அண்ணாந்து பார்ப்பேன். விசில் சட்டைப் பையில்தான் இருக்கும். அதைத் தொட்டால் உள்ளங்கை வேர்க்கும். முகட்டில் ஒரு துண்டு மேகம் வந்தால் போதும், நெஞ்சு தடதடவென்று அடிக்கும், வாய் காய்ந்துபோகும், விரல் நடுங்கும். ஊதலாமா, வேண்டாமா? ஊதி வராவிட்டால்? ஊதாமல் வந்துவிட்டால்? இந்த இரண்டு கேள்விகளும் மாறி மாறி மாடு கட்டிய செக்கு மாதிரி சுற்றும். மேகம் கலைந்த பிறகும் செக்கு நிற்காது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் சுற்றும்.

இதய நோய் என்றே நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இருதயம் நல்லா இருக்கு. இது பதற்றம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனசுல என்ன ஓடுது, அதச் சொல்லுங்க," என்றார். சொல்லக் கூசினேன். இருதயக் கோளாறு என்றால் ஆபீசில் லீவு கேட்கலாம், கௌரவமாக இருக்கும். பதற்றம் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"இருதயம் நல்லாருக்குன்னுதான போட்டுருக்கு?"

"ஆமா."

"அதுக்கு எதுக்கு எழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வச்சுருக்கிய?"

அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதும் பாதி பாரம் இறங்கியது என்று எழுதினால் பொய். கால்வாசி இறங்கியது. அந்தக் கால்வாசி பெரிது. மறுவாரம் டாக்டரிடம் திரும்பிப் போய் முழுதாகச் சொன்னேன். நீங்களும் போங்கள். காய்ச்சலுக்குப் போவதுபோலப் போங்கள். இதில் தலையைக் குனிய ஒன்றுமில்லை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், அவன் உங்களுக்கு மருந்து தரப்போவதில்லை.

நூலகத்தில் மனம் பற்றிய புத்தகங்களைத் தேடி எடுத்துப் படித்தேன். மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடச் சொல்லியிருந்தார்கள். பலன் இருந்தது. இரவில் படுக்கும்போதும் பஸ்ஸிலும் இன்றும் செய்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அமைதியான இடத்தில் உட்காரச் சொல்கிற புத்தகத்தை எழுதியவர் ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்கு வந்தவரில்லை. அங்கே கண்ணை மூட முடியாது. அமைதி வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால், அமைதிக்கு முன்னால் தண்ணீர் வந்துவிடும்.

கடைசியில் இடமாறுதல் கேட்டு மனு எழுதினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நாற்றங்காலில் போட்டால் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். அப்போது எங்கள் ரேஞ்சர் ஒரு பெண். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், வெளியூர்க்காரர், முதல் பணியிடமே இதுதான். மனுவைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"கை நடுங்குதுன்னு சொன்னாங்க. உண்மையா?"

"ஆமா மேடம்."

"எதைப் பார்த்து நடுங்குது? ஆத்தைப் பார்த்தா, ஆளைப் பார்த்தா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. நானே என்னிடம் கேட்டதில்லை. யோசித்தேன். ஆறு எனக்குப் பழக்கம். அதன் நிறமும் சத்தமும் தெரியும். அதைக் கண்டு நடுங்கவில்லை. ஊதிய பிறகு என் பக்கம் திரும்பும் முகங்களைக் கண்டு நடுங்கினேன்.

"ஆளப் பாத்துதான் மேடம்."

"ஆத்தைப் பார்த்துன்னு சொல்லியிருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆளுங்க நர்சரியிலும் இருப்பாங்களே. கன்னு பட்டுப்போச்சுன்னு வந்து நாலு பேரு சிரிச்சா எங்க போவீங்க? அதுக்கு அப்புறம் மாறுதல் கேக்க இடமே இருக்காது."

மனுவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் முதலில், பிறகு டீக்கடை மாஸ்டர் மேல், பிறகு என் மேல். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கோபம் எனக்கு நல்லது செய்தது. மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் வாயைத் திறக்கும் முன் நானே சத்தமாகச் சொன்னேன்.

"வெள்ளம் வந்துருக்கேன். கிளாஸ எடுத்து வையும்வே. இனிமே ஞாயித்துக்கெழமதோறும் ஊதுவேன். ஒரு மேகத்துக்கு ஒரு தடவ ஊதுவேன். ஒமக்கு என்ன இப்போ?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் டீயை ஆற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் காசு வாங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். வாங்கிக்கொண்டார். பெயரும் மாறவில்லை. நான் அந்தப் பெயரோடு டீ குடிக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். பிறகு பலமுறை ஊதினேன். சில தடவை தண்ணீர் வந்தது, பல தடவை வரவில்லை. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுக்கத்தோடு ஊதினாலும் விசில் சத்தமாகத்தான் கேட்கிறது என்பது நான் கண்டுபிடித்த உண்மை.

இனி முக்கியமான நாளுக்கு வருகிறேன். ஐப்பசி, வியாழக்கிழமை. விடுமுறை நாள் இல்லை என்பதால் கூட்டம் குறைவு. மம்சாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்திருந்தது. வீட்டுப் பிள்ளை பாலமுருகன் பட்டாளத்துக்குத் தேர்வாகியிருந்தான். அன்று மாலை ராஜபாளையத்தில் சென்னை ரயிலைப் பிடித்து, அங்கிருந்து வடக்கே பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போகுமுன் அய்யனாருக்குப் பொங்கல். அவன் அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று விவசாயம் பார்க்கிறவர். அவன் அம்மாவும், அம்மாவின் தம்பி சங்கிலியும் வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துச் சொந்தங்களும் கொஞ்சம் பேர். பையனுடைய பெட்டியும் சான்றிதழ்களும் இக்கரையில் வேனுக்குள் இருந்தன. ஆட்களெல்லாம் அக்கரையில், கோவில் பக்கம். நானும் அக்கரையில் நின்றேன். இக்கரையில் எங்கள் காவலர் ஒருவர்.

பொங்கல் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெயில் அடித்தது. ஆற்றின் நிறம் மாறியதைப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. சருகும் சுள்ளியும் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன. விசிலை ஊதி, குறுக்குக் கயிறு மரத்தில் முடிந்திருக்கும் இடத்துக்குப் போய் வழியை மறித்து நின்றேன்.

"யாரும் எறங்கக் கூடாது. தண்ணி வத்துற வரைக்கும் இங்கனயே இருங்க."

"சார், புள்ளைக்கு ட்ரெயினு," என்றார் அப்பா. குரலில் மரியாதை இருந்தது.

"தெரியும்யா. ஆனா எறங்கக் கூடாது."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சங்கிலி முன்னால் வந்தார். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"ஓ, வெள்ளம் சாரா? நான் வேற யாரோன்னு பாத்தேன். இந்தா பாரும், இது முழங்காலு. எங்க ஓடையில மாடு மூத்திரம் பேஞ்சாலே இம்புட்டு வரும். இதுக்கா விசிலு?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"நாங்க நேந்துக்கிட்டது சாமிக்கு. மறிக்கிறது நீங்களா சார்? நாளைக்கு எம்புள்ளைய வேண்டாம்னு சொல்லிட்டாவன்னா அந்த வேலைய நீங்க வாங்கித் தருவியளா?"

கயிற்றை விடாமல் நின்றேன். அந்த வேலைக்காக அந்தப் பையன் எத்தனை விடியற்காலை ரோட்டில் ஓடியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதானே வளர்ந்தோம். பாலமுருகன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கிலி வேட்டியை மடித்துக் கட்டினார். நான் கையை நீட்டுமுன் என் தோளுக்குக் கீழே குனிந்து நுழைந்து ஆற்றில் இறங்கிவிட்டார். கயிற்றைப் பிடித்துப் போனார். நடுவில் ஒரு கல் வழுக்கி இடுப்பு வரை சாய்ந்தார், எழுந்தார். போய்ச் சேர்ந்தார். இக்கரையில் ஏறி, வேட்டியைப் பிழிந்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அக்கரையில் கை தட்டினார்கள்.

"பாத்தீரா வெள்ளம்! நான் செத்தா போனேன்? ஏலே பாலா, வாலே! நேரம் போவுது!"

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் மிகக் கடினமான நொடி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வெள்ளம் வரும் நொடியில் யோசிக்க ஒன்றுமில்லை, உடம்பே வேலை செய்துவிடும். நீங்கள் கூடாது என்று சொன்னதை ஒருவர் உங்கள் கண்ணெதிரிலேயே செய்து, ஒன்றும் ஆகாமல் எதிர்க்கரையில் நின்று சிரிக்கும் நொடி இருக்கிறதே, அங்கேதான் முதுகெலும்பு தேவைப்படுகிறது. இனி நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆதாரம் முழுதும் அவர் பக்கம்.

பாலமுருகன் என் எதிரே வந்தான். "சார், நான் போலாமா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

 கயிற்றைப் பிடித்திருந்த கை நடுங்கியதில் கயிறே ஆடியது.

"ஏ, அவரு கை நடுங்குறதப் பாருங்கய்யா! இவரா நம்மளக் காப்பாத்தப் போறாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கையைப் பின்னால் மறைக்கலாம் என்று தோன்றியது. மறைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினேன்.

"ஆமா, நடுங்குது. நல்லாப் பாத்துக்கிடுங்க. இந்த நடுங்குற கையோடதான் சொல்லுதேன். எறங்கக் கூடாது. அவரு போனது அவரு அதிர்ஷ்டம். நீங்க எறங்கணும்னா என்னையத் தண்ணிக்குள்ள தள்ளிட்டுத்தான் எறங்கணும். யாரு தள்ளுதிய? வாங்க."

யாரும் வரவில்லை. பையன் பின்வாங்கினான். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

தண்ணீர் ஏறியது, தொடை வரை. ஒரு பெரிய கிளை உருண்டு வந்து கயிற்றில் மோதிவிட்டுப் போனது. அதற்கு மேல் ஏறவில்லை. யானையையே புரட்டும் வெள்ளம் வந்து என்னைக் காப்பாற்றியது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. தொடையளவில் நின்று, பொழுது சாயும்போது வற்றத் தொடங்கியது. ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடிக்க வைத்து இறக்கிவிட்டேன். அதற்குள் ரயில் ராஜபாளையத்தைத் தாண்டியிருந்தது.

அவன் போயிருந்தால் சங்கிலி மாதிரிப் போய்ச் சேர்ந்திருப்பானா? நடுக்கல்லில் வழுக்கி இழுத்துக்கொண்டு போயிருக்குமா? எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அப்பா வேனில் ஏறுமுன் என்னிடம் வந்தார்.

"நான் பனிமலையில காவல் நின்னவன் சார். உத்தரவுன்னா என்னன்னு தெரியும். அதான் உங்களத் தள்ளல. ஆனா எம்புள்ள வேலை போச்சுன்னா, அவனக் கொண்டாந்து உங்க வீட்டு வாசல்ல ஒக்கார வைப்பேன். அப்ப நீங்க பதில் சொல்லணும்."

"சொல்லுதேன்யா. கொண்டாங்க," என்றேன். வேறென்ன சொல்ல?

பையனை மதுரை பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து கிடைத்த ரயிலில் நின்றுகொண்டே போக அனுப்பினார்கள் என்று வேன் டிரைவர் மூலம் தெரிந்தது. சென்னையில் மாற வேண்டிய ரயில் தவறும். பயிற்சி மையத்துக்குத் தாமதமாகத்தான் போவான். சேர்த்துக்கொள்வார்களா? அதை யாராலும் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிந்தைய நாட்கள் மோசமானவை. ரேஞ்சர் கேட்ட கேள்வி அங்கே உதவவில்லை. ஆற்றைப் பார்த்தும் பயமில்லை, ஆளைப் பார்த்தும் பயமில்லை. ஒருவனுடைய வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம், இது மூன்றாவது ரகம். மனசு வக்கீலாகவும் நீதிபதியாகவும் மாறி மாறிப் பேசியது. முழங்கால் அளவு தண்ணீர்தானே, ஒரு ஆள் போனாரே, கயிறு இருந்ததே. சாட்சிகள் எல்லாம் எனக்கு எதிராக.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு போடவில்லை. அதே மரத்தடியில் போய் நின்றேன். மனைவியிடம் ஒரு தடவை முழுசாகச் சொன்னேன். இரண்டாம் தடவை ஆரம்பித்தபோது அவள், "கேட்டாச்சு. கத்திரிக்காய நறுக்குங்க," என்றாள். நறுக்கினேன். வக்கீல் பேச ஆரம்பித்தால் வாய்விட்டே பதில் சொன்னேன்: "ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியுற வரைக்கும் நான் சோறு திம்பேன், தூங்குவேன், வேலைக்குப் போவேன். உன்னால ஆனதப் பாரு." பஸ்ஸில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தார். எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

திடமான மனசு என்றால் கலங்காத மனசு என்று புத்தகங்களில் படித்து, அது எனக்கு வாய்க்கவில்லையே என்று வருஷக்கணக்கில் ஏங்கியிருக்கிறேன். இப்போது அந்த ஏக்கம் இல்லை. நான் செய்தது சரியா தவறா என்று தெரியாமலே மறுநாள் அதே இடத்தில் நிற்க முடிந்தால் போதும். மனசு உள்ளே என்ன கூத்தடித்தாலும் கால் அங்கே நிற்க வேண்டும்.

ஒரு மாலையில் போன் வந்தது. அப்பாதான் பேசினார்.

"சேத்துக்கிட்டாவ. லேட்டுக்குத் திட்டும் தண்டனையும். மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓட விட்டுருக்காவ."

"சந்தோஷம்யா."

"சரி." வைத்துவிட்டார். நன்றியும் இல்லை, திட்டும் இல்லை. நான் இரண்டையும் எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாலமுருகன் முதல் லீவில் வந்தது ஆடி மாதம், புதன்கிழமை. அந்த வருஷம் மேலே மழை தாமதம், ஆறு கல்லுக்குக் கல் ஒதுங்கிக் கிடந்தது. தனியாக பைக்கில் வந்தான். ஒட்ட வெட்டிய முடி, கறுத்த முகம். கயிறு கட்டிய மரத்தடியில் நின்றிருந்த என்னிடம் நேராக வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து, வந்தால் வரட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

"சார், என்னத் தெரியுதா?"

"தெரியும். நீ ஓடுன ஓட்டத்துக்கு நான்தான காரணம்."

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்தான்.

"அன்னைக்கு மாமா எதிர்க்கரையில நின்னு கூப்பிட்டாருல்ல? எனக்கு நீச்சல் தெரியாது சார். ஓடையில எறங்கினாலே காலு வெடவெடங்கும். சின்னதுலருந்தே அப்படி. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. பட்டாளத்துக்குப் போற பய தண்ணியப் பாத்து பயப்படுதான்னு தெரிஞ்சா எங்க ஊர்ல தலை காட்ட முடியுமா? அதான், போலாமான்னு கேட்டேன். நீங்க சரின்னு சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன். கண்ண மூடிக்கிட்டு எறங்கியிருப்பேன்."

நானும் ஆற்றைப் பார்த்தேன்.

"நீங்க கையத் தூக்கிக் காட்டி, நடுங்குது, என்ன இப்போன்னு கேட்டியள்ல? எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. இம்புட்டு பேரு முன்னால ஒரு ஆளு இப்படிச் சொல்லலாமான்னு இருந்துச்சு. அங்க போயி ரெண்டாவது வாரத்துலயே வாத்தியார்ட்ட சொல்லிட்டேன் சார், எனக்குத் தண்ணின்னா பயம்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. தெனமும் கூட்டிட்டுப் போயி கத்துக்குடுத்தாரு."

அந்தக் கூட்டத்தில் நான் எண்ணிக்கொண்டிருந்ததெல்லாம் சிரித்த முகங்களை. சிரிக்காமல் நின்ற ஒன்றை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. இனி உங்கள் முறை வரும்போது கூட்டத்தில் சத்தமில்லாத முகத்தைத் தேடுங்கள். உங்களைத் திட்டுகிற வாய்களுக்கு நடுவே, யாராவது கூடாது என்று சொல்ல மாட்டார்களா என்று ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். அவரால் சொல்ல முடியாது. உங்களால் முடியும், அதற்குத்தான் சம்பளம். அண்டா கவிழட்டும், ரயில் போகட்டும், பெயர் வைக்கட்டும்.

பாலமுருகன் பூட்ஸைக் கழற்றி மரத்தடியில் வைத்தான். ஆற்றில் இறங்கி, பாறைக்குக் கீழே கொஞ்சம் ஆழமாகக் கிடந்த தண்ணீரில் தலை முங்கக் குளித்துவிட்டு வந்தான். கிளம்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "மாமாகிட்ட சொல்லிராதீங்க சார்," என்றான். சொல்லவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

இதை எழுத உட்காரும் முன் அவனுக்குப் போன் செய்து கேட்டேன். இப்போது அவன் எங்கோ எல்லைப் பக்கம் இருக்கிறான். பெயரை மாற்றிப் போடுகிறேன், ஆனால் மம்சாபுரத்துக்காரர்கள் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், எழுதலாமா வேண்டாமா என்றேன்.  

"எழுதுங்க சார்," என்றான். "மாமா படிச்சா படிக்கட்டும்."